ஒரு மூட்டை யூரியாவும் இரண்டு டன் மண்புழு உரமும்

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரியை வெளியே எடுக்க ஏறத்தாழ 5 கன மீட்டர் மண்ணை அள்ளிப்போட வேண்டியிருக்கிறது. கரி கிடப்பது அத்தனை ஆழத்தில். அதன் தலைக்கு மேல் பல பத்து மீட்டர் கனத்துக்கு மணலும் களியும் செம்பாறையும் அடுக்கடுக்காகப் படுத்திருக்கின்றன. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1956-ல் சுரங்க நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். கரி கண்ணில் பட்டதோ 1961 ஆகஸ்டில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மண் அள்ளியதிலேயே போயின.

அள்ளிய மண் எங்கே போகும்? ஒரு பகுதி, கரி எடுத்து முடித்த குழிக்குள் திரும்பப் போகும். மற்றது வெளியே மேடாக நிற்கும். சக்கர வாளி எந்திரம் கடித்துப்போடும் மண் கன்வேயர் பெல்ட்டில் ஏறிப் பல கிலோமீட்டர் போய்க் கொட்டப்படும்போது அடுக்கு வரிசை கலைந்துவிடுகிறது. முந்திரியும் பலாவும் வேர்விட்டிருந்த மேல் சாண் மண் எங்கோ அடியில் புதைகிறது. மனித இனம் தோன்றும் முன்பே படிந்து, அதன்பிறகு வெயிலையே பார்க்காத களி மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நிறுவனம் அந்த மேடுகளில் மரம் நட்டு வருகிறது, பச்சையும் தெரிகிறது. அந்தப் பச்சைக்குக் கீழே என்ன நடக்கிறது, மண்புழு உரம் அதற்கு எந்த அளவுக்கு உதவும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மண்புழு உரத்தைப் பற்றிய பேச்சு நம்மிடையே இரண்டு விதமாக இருக்கிறது. ஒருவர் அதைச் சர்வரோக நிவாரணி ஆக்குவார். இன்னொருவர், "தழைச்சத்து ஒன்றரை சதவீதம்கூட இல்லை, இதை வைத்து என்ன செய்வது?" என்று தள்ளிவிடுவார். சுரங்க நிலத்தைப் பொறுத்தவரை இருவருமே கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போட்டுப் பார்ப்போம்.

பிரிட்டனில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இருந்தவர் ஏ. டி. பிராட்ஷா. சுரங்கக் கழிவு மேடுகளில் செடி வளர்ப்பதை அறிவியலாக மாற்றியவர்களில் முதன்மையானவர். சாட்விக் என்பவரோடு சேர்ந்து 1980-ல் அவர் எழுதிய நூல் இன்றும் இந்தத் துறையின் அடிப்படைப் பாடம். பாழ்நிலம் ஒன்று யாருடைய தயவும் இல்லாமல் தன்னைத் தானே நடத்திக்கொள்ள வேண்டுமானால், அதன் மண்ணில் ஹெக்டேருக்குச் சுமார் 1000 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த கணக்கு. நம் அளவில் ஏக்கருக்கு 400 கிலோ. செடி ஒரே வருடத்தில் அத்தனையையும் தின்றுவிடாது. மண்ணில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி மட்கோடு பிணைந்து கிடக்கும். ஆண்டுக்குச் சில சதவீதம்தான் அவிழ்ந்து வேருக்குக் கிடைக்கும். அந்தச் சில சதவீதம் செடிக்குப் போதவேண்டும் என்றால் முதல் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். புதிதாகக் கொட்டிய சுரங்க மண்ணில் இந்த முதல் ஏறக்குறையப் பூஜ்யம்.

இப்போது மண்புழு உரம். காய்ந்த எடையில் 1.5 சதவீதம் தழைச்சத்து என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீத ஈரத்தோடு சாக்கில் வரும்போது அது 0.9 சதவீதமாக இறங்கிவிடும். ஆக, 400 கிலோ தழைச்சத்தை மண்புழு உரமாகவே கொடுக்க ஏக்கருக்கு 44 டன் வேண்டும். நாலைந்து லாரி லோடு. சுரங்க மேடுகளோ ஆயிரக்கணக்கான ஏக்கர். கடலூர் மாவட்டத்து மாடுகள் எல்லாம் சேர்ந்து சாணம் போட்டாலும் கட்டுப்படியாகாது.

அதனால் யாரும் பரப்பில் கொட்டுவதில்லை, குழியில் இடுகிறார்கள். 2 மீட்டருக்கு ஒரு கன்று வீதம் நட்டால் ஏக்கருக்கு 1000 கன்று. குழிக்கு 2 கிலோ என்றால் மொத்தம் 2 டன். அதில் இருக்கும் தழைச்சத்து 18 கிலோ. வேண்டியது 400, கொடுத்தது 18.

இங்கேதான் ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. 18 கிலோ தழைச்சத்து ஒரு மூட்டை யூரியாவில் இருக்கிறது. 45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்கும் மேல். 2 டன் உரத்தை லாரியில் ஏற்றி, மேட்டின் உச்சிக்குத் தூக்கி, குழி குழியாகப் போடுவதற்குப் பதில் ஒரு ஆள் ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்த் தூவிவிட்டு வரலாமே? சுரங்க நிறுவனத்தின் செலவுக் கணக்குப் பிரிவு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்காது. கேட்பதும் நியாயம்தான்.

யூரியா மண்ணில் விழுந்ததும் அப்படியே செடிக்குப் பயன்படுவதில்லை. நுண்ணுயிர்கள் சுரக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அம்மோனியமாக்க வேண்டும். வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். கழனியில் இது ஓரிரு நாளில் தொடங்கிவிடும். நூறு அடி ஆழத்திலிருந்து வந்த மண்ணில் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் மிகமிக மெலிந்தது. சரி, மெதுவாகவாவது மாறட்டும் என்றால், மாறியதைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. அம்மோனியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் நேர்மின் துகள்கள். மண்ணில் எதிர்மின்னூட்டம் உள்ள பரப்பு இருந்தால்தான் அவை ஒட்டிக்கொண்டு நிற்கும். மணலுக்கு அந்தத் திறன் இல்லை என்றே சொல்லலாம். நெய்வேலிப் பக்கம் கிடைக்கும் வெண்களிக்கும் களிகளிலேயே மிகக் குறைவு. மட்கோ, எடைக்கு எடை பார்த்தால், அந்த வெண்களியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பிடித்துவைக்கும். நைட்ரேட் எதிர்மின் துகள். அதை மட்காலும் பிடிக்க முடியாது. நைட்ரேட்டைக் காப்பாற்ற ஒரே வழி, அது பிறந்த கையோடு வேரோ நுண்ணுயிரோ எடுத்துக்கொள்வதுதான். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் மாவட்டத்தில் மழை பெய்கிற வேகம் தெரிந்தவர்களுக்கு, அந்த மூட்டை யூரியாவின் கதி என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மண்புழு உரத்தில் தழைச்சத்தின் பெரும்பகுதி கரிமப் பொருளோடு பிணைந்தே வருகிறது. கொஞ்சம் உடனே கிடைக்கும். மீதி மாதக்கணக்கில் அவிழும். அதோடு, பிடித்துவைக்கும் பரப்பும், வேலை செய்யும் நுண்ணுயிரும் உரத்தின் அதே குருணைக்குள்ளேயே இருக்கின்றன. பாலில் ஒரு கரண்டி உறைமோர் ஊற்றுவதால் பாலின் அளவு கூடுவதில்லையே. குழிக்கு இரண்டு கிலோவும் அந்தக் கணக்குத்தான். பாக்கி 382 கிலோவை அது கொடுக்காது. கொடுக்கப்போகிறவர்கள் வேறு. அவர்கள் வேலையைத் தொடங்க இடம் செய்துகொடுப்பதே உரத்தின் வேலை.

அவர்களைப் பற்றிச் சொல்லும் முன், அந்தக் குருணை எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடலாம். தொட்டியில் இருக்கும் புழுவுக்குப் பல் கிடையாது. பாதி மட்கிய சாணத்தையும் இலையையும் மணல் துகளோடு சேர்த்து விழுங்கி, தசைப்பிடிப்புள்ள அரைவைப்பையில் அரைக்கிறது. அரைத்த கூழ் குடலில் இறங்கும்போது புழு கோழை போன்ற ஒரு நீர்மத்தைச் சுரக்கிறது. பாக்டீரியாக்களுக்கு அது எளிதில் கிடைக்கும் தீனி. உறங்கிக் கிடந்தவை விழித்துப் பெருகுகின்றன. செரிமானத்தின் பாதி வேலையைச் செய்வது அவைதான். வெளியே வரும் எச்சம், கோழையாலும் பாக்டீரியாப் பசையாலும் ஒட்டப்பட்ட நுண்ணிய குருணை. ஈரம் பட்டாலும் சட்டென்று கரையாது. குருணைகளுக்கு நடுவே காற்று போக வழி இருக்கும், குருணைக்குள்ளே தண்ணீர் நிற்கும். இந்த இரண்டும் ஒருசேரக் கிடைப்பதுதான் நல்ல மண்ணின் இலக்கணம். சுரங்க மண்ணில் கனரக வாகனம் ஏறி இறங்கி மிதித்த இடம் கல்லாகிவிடும், மிதிக்காத இடம் சல்லடையாக ஒழுகும். கரித்துண்டு கலந்து கறுத்த மேடு என்றால் சித்திரை வெயிலில் அதன் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் இளங்கன்றின் கழுத்துப் பகுதி வெந்துபோகும். அதற்கு மேல் வேறு நோய் வரவேண்டியதில்லை.

சாதாரண கம்போஸ்ட்டிலும் இதில் பாதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. கம்போஸ்ட் குவியல் உள்ளே சூடேறி மட்குவது. புழுத்தொட்டி சூடேறாமல் மட்குவது. சூடு ஏறாததால் களை விதை சாகாது என்பது குறை. அதனால்தான் மூலப்பொருளை முன்கூட்டியே சில வாரம் மட்கவிட்டுப் பிறகு புழுவை விடுகிறார்கள். நிறை என்னவென்றால், நுண்ணுயிரின் வகைகள் கூடுதலாகப் பிழைக்கின்றன, பொருள் மிக நுண்மையாகிறது, ஹியூமிக் அமிலம் போன்ற மட்குச் சேர்மங்கள் அதிகம் உருவாகின்றன. பிரேசில் ஆய்வாளர்கள் மண்புழு உரத்திலிருந்து பிரித்தெடுத்த ஹியூமிக் அமிலத்தை மக்காச்சோள நாற்றின் வேருக்குக் கொடுத்துப் பார்த்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். வேர் நீண்டது, பக்கவேர்கள் அதிகமாகக் கிளம்பின. வேர்ச் செல்லின் சவ்வில் புரோட்டான்களை வெளியே தள்ளும் நொதியின் செயல்பாடு கூடியிருந்தது. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் செய்கிற வேலையின் சாயல் அது. தழைச்சத்துக் கணக்கில் வராத இந்த ஒன்று சுரங்க மேட்டில் பெரிய விஷயம். முதல் கோடைக்குள் வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் கன்று பிழைப்பதும் பட்டுப்போவதும்.

ஆனால் அளவு முக்கியம். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் எட்வர்ட்ஸ் குழுவினர் தொட்டிச் செடிகளில் மண்புழு உரத்தின் விகிதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஊடகத்தில் 10 முதல் 20 சதவீதம் வரை கலந்தபோதே பெரும்பாலும் நல்ல பலன். அதற்கு மேலே போகப்போகப் பலன் கூடவில்லை. மிக அதிகமானபோது வளர்ச்சி குறையவும் செய்தது. உப்பு ஏறுவது ஒரு காரணம். சுரங்க நிலத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது: நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் பயறுவகைச் செடிகள் வேர்முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. சும்மா கிடைக்கிறபோது உழைப்பானேன் என்ற கணக்கு தாவரத்துக்கும் உண்டு. அந்த முடிச்சுகள்தான் நமக்கு வேண்டிய 382 கிலோவைத் தரப்போகின்றன.

கொழிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு, நரிப்பயறு ஆகிய எல்லாம் ரைசோபியம் பாக்டீரியாவை வேரில் குடிவைத்துக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிப்பவை. நன்றாக நிலைத்த பயறுவகைப் போர்வை ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 100 கிலோ அளவில் தழைச்சத்தைச் சேர்க்கும் என்பது பிராட்ஷா சொன்ன கணக்கு. ஏக்கருக்கு 40 கிலோ. அப்படியானால் 400-ஐ எட்டப் பத்து ஆண்டு போல ஆகும். லாரியில் 44 டன் ஏற்றாமல் எட்டுகிற வழி இது ஒன்றுதான். இவற்றில் கொழிஞ்சியை நான் முதலில் வைப்பேன். ஆடு மாடு அதிகம் கடிக்காது, வறட்சி தாங்கும், செம்மண் தரிசில் தானாக விதை உதிர்த்து அடுத்த வருடமும் வரும். தக்கைப்பூண்டு தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்குச் சரி, மேட்டுக்கு ஆகாது.

மரங்களில் கடலூர் மாவட்டத்துக்கு வாய்ப்பாக ஒன்று இருக்கிறது: சவுக்கு. பயறுவகையைச் சேராத மரம்; ஆனால் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிரை வேர்முடிச்சில் வைத்து நைட்ரஜன் பிடிக்கும். கடலோர மணலில் சவுக்கு செழிப்பதற்கு அதுவே ரகசியம். நாற்றங்கால் வைப்பவர்கள் பழைய சவுக்குத் தோப்பின் அடிமண்ணையோ நசுக்கிய முடிச்சுகளையோ நாற்றுப் பாத்தியில் கலப்பதுண்டு. கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் ஃபிராங்கியாவைத் தனியே வளர்த்துக் கொடுப்பதில் வேலை செய்திருக்கிறது. சுரங்க மண்ணில் இந்த நுண்ணுயிர் தானாக இருக்காது என்பதால் இது விருப்பத்துக்கு விட்ட வேலை அல்ல, கட்டாயம்.

வேர்ப்பூஞ்சைக்கும் அதே நிலைமை. மைக்கோரைசா எனப்படும் இந்தப் பூஞ்சை மெல்லிய இழைகளால் வேரின் எல்லையைத் தாண்டிப் போய் மணிச்சத்தை (பாஸ்பரஸை) கொண்டுவந்து கொடுக்கும். மணிச்சத்து இல்லாவிட்டால் பயறு முடிச்சுப் போடாது. பலரும் மண்புழு உரம் போட்டால் இதுவும் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இந்தப் பூஞ்சை உயிருள்ள வேரில் மட்டும் வாழ்வது. புழுத்தொட்டியில் வேர் ஏது? ஆகவே பூஞ்சையைத் தனியாகக் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் காடு இருந்தால் அதன் மேல்மண்ணில் ஒரு கைப்பிடி குழிக்குள் போவதே எளிய வழி. நாக்பூரில் உள்ள நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் மகாராஷ்டிரத்தில் கும்காவ் மாங்கனீசு சுரங்கக் கழிவு மேட்டில் செய்த வேலை இந்தச் சேர்க்கைக்கு நல்ல முன்னுதாரணம். அங்கே மண்புழு உரத்தின் இடத்தில் சர்க்கரை ஆலைக் கழிவான பிரஸ்மட். அதோடு நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாவும் வேர்ப்பூஞ்சையும் சேர்த்துக் கன்று நட்டார்கள். வெறும் கழிவு மண்ணில் நிற்காத மரங்கள் நின்றன. கரிமப்பொருள் ஒன்றை மட்டும் போட்டுவிட்டுக் கைகழுவவில்லை என்பதே அதில் கவனிக்க வேண்டியது. நெய்வேலிக்குப் பக்கத்திலேயே நெல்லிக்குப்பத்தில் நாட்டின் பழமையான சர்க்கரை ஆலைகளில் ஒன்று இருக்கிறது. பிரஸ்மட்டைச் சாணத்தோடு கலந்து கொடுத்தால் புழு விரும்பித் தின்னும். மூலப்பொருளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

சரிவுகளுக்கு வெட்டிவேர். அதே மாவட்டத்தின் கடலோரக் கிராமங்களில் அது பயிராகவே விளைகிறது. சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக நட்டால் மழைநீரின் வேகத்தை உடைத்து மண்ணைத் தேக்கும்; வேர் ஆளுயரத்துக்கும் கீழே போகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நிலக்கரி, தங்கச் சுரங்கக் கழிவுகளில் இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். கன உலோகங்களை இலைக்கு அதிகம் அனுப்பாமல் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும் குணமும் இதற்கு உண்டு. ஆனால் நைட்ரஜன் பிடிப்பதில் வெட்டிவேர் பயறுவகைக்கு ஈடாகாது. அது காவல்காரன் மட்டுமே.

சூபாபுல், சீமைக் கருவேலம், ஆஸ்திரேலிய அக்கேசியா போன்றவற்றை நட்டால் மூன்றே வருடத்தில் புகைப்படத்துக்கு ஏற்ற பச்சை கிடைத்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. சில அக்கேசியாக்களின் சருகு மட்குவதற்கு நெடுநாள் எடுக்கும். மரத்தடி பஞ்சுமெத்தைபோல் இருக்கும், கீழே மண் பழையபடியே இருக்கும். சீமைக் கருவேலத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சத்து இல்லாத ஏழை மண்ணுக்கு. நச்சு மண்ணுக்குக் கதை வேறு.

பல சுரங்கக் கழிவுகளில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் இருக்கும். பூமிக்குள் காற்றில்லாமல் இருக்கும்வரை சாது. வெளியே வந்து காற்றும் ஈரமும் பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலம் கசியும். கார அமில எண் 4-க்குக் கீழே இறங்கினால் களியிலிருந்து அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கிவிடும். ஒரு டன் மண்ணில் பைரைட் கந்தகம் 1 சதவீதம் இருந்தால், அது உண்டாக்கும் மொத்த அமிலத்தையும் முறிக்க 31 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். ஏக்கர் பரப்பில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 900 டன். பெருக்கினால் 28 டன் சுண்ணாம்பு. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு டன் மண்புழு உரத்தை நம்பிக் கன்று நடுவது கன்றுக்குச் செய்கிற துரோகம். ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியிலும் நெய்வேலி போலப் பழுப்பு நிலக்கரிதான். அங்கே அமில மண்ணை முறிக்க, அதே கரியை எரித்த அனல் மின் நிலையச் சாம்பலையே மண்ணோடு கலந்தார்கள். கனடாவின் சட்பரியில் நிக்கல் உருக்காலைப் புகையால் மொட்டையாகிப்போன பாறை மேடுகளுக்கு 1978 முதல் ஹெக்டேருக்கு 10 டன் வீதம் சுண்ணாம்புக்கல் தூளைப் பெரும்பாலும் கையாலேயே தூவினார்கள். பிறகு கொஞ்சம் உரமும், புல்லும் பயறும் கலந்த விதையும் போட்டார்கள். பிர்ச், பாப்லர் விதைகள் காற்றில் தாமாகவே வந்து முளைத்தன. முதல் தடையை நீக்கியதும் மீதியை இயற்கை பார்த்துக்கொண்டது. ஆனால் அந்த முதல் தடை தழைச்சத்து அல்ல, அமிலம்.

சேலத்தில் தடை நேரெதிர். அங்கே மாக்னசைட் வெட்டிய வெள்ளை மேடுகள் காரத்தன்மை கொண்டவை. மண்ணில் கால்சியத்தைவிட மெக்னீசியம் மிகுந்து கிடக்கும். தாய்ப்பாறையின் இயல்பால் நிக்கலும் குரோமியமும் கூடவே வரும். சுண்ணாம்பு போட்டால் காரம் இன்னும் ஏறும். கால்சியத்துக்கு ஜிப்சம், மட்குக்கு மண்புழு உரம் என்ற சேர்க்கைக்கு அங்கே பொருள் உண்டு. ஒரே தொட்டியில் தயாரான உரத்துக்கு நெய்வேலியில் ஒரு வேலை, சேலத்தில் இன்னொரு வேலை.

கன உலோகத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஈயம், தாமிரம் போன்றவற்றை மட்குச் சேர்மங்கள் இறுகப் பிடித்துக்கொள்வதால் செடி உறிஞ்சும் அளவு பெரும்பாலும் குறைகிறது. ஆனால் மண்ணிலிருந்து உலோகம் போய்விடுவதில்லை. மட்கு சிதைந்தாலோ அமிலம் ஏறினாலோ மறுபடி அவிழும். ஆர்செனிக் இருந்தால் நிலைமை தலைகீழாகவும் ஆகலாம். உரத்தில் உள்ள பாஸ்பேட்டும் ஆர்செனேட்டும் வேதியியலில் அண்ணன் தம்பிபோல் இருப்பதால், பாஸ்பேட் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆர்செனிக்கைத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். தங்கத் தாதுக்களோடு ஆர்செனிக் சேர்ந்து வருவது உலகெங்கும் பல இடங்களில் உண்டு. கோலார் தங்கவயலில் 2001-ல் சுரங்கம் மூடிய பிறகும் ஊர் நடுவே நிற்கும் சயனைடு கழிவு மேடுகளால், அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் படும் பெரிய அவதி காற்றில் பறக்கும் தூள். அதைப் போர்த்த ஒரு பச்சைப் போர்வை வேண்டும் என்பதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் மண்ணைச் சோதிக்காமல் அங்கே உரத்தைக் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது.

உலோகம் தாங்கும் செடிகளைத் தேர்ந்தெடுப்பதையும் பிராட்ஷாவிடமிருந்தே கற்றிருக்கிறோம். வேல்ஸின் பழைய ஈய, தாமிரச் சுரங்கக் கழிவுகளில் தானாக முளைத்த புற்களை அவர் சோதித்தபோது, அவை பக்கத்து மேய்ச்சல் நிலத்துப் புல்லின் அதே இனம்தான், ஆனால் உலோகத்தைத் தாங்கும் வகையாக மாறிவிட்டிருந்தன என்று தெரிந்தது. அவற்றின் விதையைப் பிற்பாடு தனி ரகமாகவே விற்றார்கள். எந்தச் சுரங்க மேட்டிலும் கன்று நடும் முன் அங்கே ஏற்கெனவே எது தானாக முளைத்து நிற்கிறது என்று ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது நல்லது. நாம் தேடும் விடை பாதி அங்கேயே முளைத்திருக்கும்.

இனி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உரத்தோடு புழுவையும் மேட்டில் விட்டால் அதுவே மண்ணை உழுதுவிடும் என்று சிலர் செய்து பார்க்கிறார்கள். புழு செத்துவிடும். தொட்டியில் வளர்ப்பவை ஆப்பிரிக்கப் புழுவான யூட்ரிலஸ், ஐரோப்பாவிலிருந்து வந்த ஐசீனியா, நம் பக்கத்துப் பெரியோனிக்ஸ். மூன்றும் சருகிலும் சாணத்திலும் மேலோட்டமாக வாழ்பவை; வெறும் மண்ணைத் தோண்டி வாழத் தெரியாதவை. புழுக்கள் ஏக்கருக்கு ஆண்டுக்கு 10 டன்னுக்கும் மேல் மண்ணைத் தம் உடம்பு வழியே செலுத்துகின்றன என்று 1881-ல் டார்வின் எழுதியது வேறு வகைப் புழுக்களைப் பற்றி, அதுவும் இங்கிலாந்தின் ஈரமான புல்வெளிகளில். நம் வயல் மண்ணில் அந்த வேலையைச் செய்வது லாம்பிட்டோ மவுரிட்டி போன்ற நாட்டுப் புழுக்கள். வெளிநாட்டுப் புழுவை விட்டுவிட்டு நாட்டுப் புழுக்களைப் பாருங்கள் என்று சென்னைப் புதுக்கல்லூரியில் இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது இந்த இடத்தில் மிகப் பொருத்தம். அந்தப் புழுக்களும் தீனியும் நிழலும் ஈரமும் வந்த பிறகுதான் வரும். சருகு சேராத மேட்டில் அவற்றைக் கொண்டுபோய் விடுவது, அடுப்பு மூட்டாத வீட்டுக்கு விருந்தாளியை அழைப்பதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவும் குறைவு. தோண்டும் முன் மேல் சாண் மண்ணைத் தனியே வழித்து எடுத்து வைப்பது. அதில் தழைச்சத்து முதல், ரைசோபியம், வேர்ப்பூஞ்சை, நாட்டுப் புழுவின் முட்டைக்கூடு, விதை எல்லாமே இருக்கின்றன. சுரங்க விதிகளும் இதைச் சொல்கின்றன. ஆனால் வழித்த மண்ணை மலையாகக் குவித்து ஆண்டுக்கணக்கில் போட்டுவிட்டால் மேலே ஒரு மீட்டரைத் தாண்டிக் காற்றுப் போகாது. உள்ளே உயிரெல்லாம் புழுங்கிச் சாகும். தாழ்வாகப் பரப்பி, மேலே கொழிஞ்சி விதைத்து, முடிந்தவரை சீக்கிரம் திரும்பப் போட வேண்டும். அப்படிச் செய்கிற இடத்தில் மண்புழு உரத்தின் தேவை வெகுவாகக் குறைந்துவிடும். உர ஒப்பந்தக்காரர்களுக்கு இது பிடிக்காது.

கடைசியாக, வேலை நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இப்போது பெரும்பாலும் கன்றுகளை எண்ணுகிறார்கள். மூன்று வருடம் தண்ணீர் ஊற்றினால் எந்தக் கன்றும் எண்ணிக்கைக்கு நிற்கும். மண்ணைச் சோதித்தால் தெரியுமே என்றால், நிலக்கரி மண்ணில் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கரிமச்சத்துப் பரிசோதனைக்கு மட்குக்கும் கரித்தூளுக்கும் வித்தியாசம் தெரியாது. கரித்துண்டு கலந்த மேட்டின் மண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நஞ்சையே பொறாமைப்படும் அளவுக்குக் கரிமச்சத்து என்று அறிக்கை வரும். கரியில் உள்ள நைட்ரஜனும் மொத்தத் தழைச்சத்தில் சேர்ந்துகொள்ளும். செடிக்கோ அதில் ஒரு பருக்கை கிடைக்காது. ஆகவே கன்று நடும் முன்பே மண் மாதிரி எடுத்து அடிப்படை அளவை எழுதி வைக்க வேண்டும். அதற்கு மேல் கூடியதை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். ஈரமாக்கிய மண்ணிலிருந்து ஒரு நாளில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது என்று பார்ப்பது இன்னும் நம்பகமானது. கரித்தூள் அவ்வளவாக மூச்சுவிடாது, நுண்ணுயிர் விடும்.

பயறு ஏக்கருக்கு ஆண்டுக்கு 40 கிலோ சேர்த்திருந்தால் ஐந்தாம் ஆண்டில் அடிப்படை அளவுக்கு மேல் 200 கிலோ கூடியிருக்க வேண்டும். 100-ஐக்கூடத் தொடவில்லை என்றால் முடிச்சு வேலை செய்யவில்லை என்று பொருள். கொழிஞ்சிச் செடி ஒன்றைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் போதும்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் பிடிக்கிறது, வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. இல்லாவிட்டால் குறை மணிச்சத்திலா, அமிலத்திலா, ரைசோபியம் சேராததிலா என்று தேட வேண்டும். அந்த நேரத்தில் இன்னொரு லாரி மண்புழு உரம் வரவழைப்பதைவிட ஒரு பொட்டலம் ரைசோபியமும் இரண்டு மூட்டை ராக் பாஸ்பேட்டும் மலிவு.